ஆளுக்கு ஒரு கூடை குப்பை

என் தங்கை புருஷன் அந்தோணி தெருமுனையில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கியபோது நான் வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு தோல் பெட்டி, தோளில் ஒரு கித்தான் பை. ஆள் கறுத்து இளைத்திருந்தான். ஆனால் வாயெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தான்.

கப்பலில் வேலை செய்கிறவன் ஊருக்கு வந்தால் எங்கள் தெருவுக்கு அது ஒரு குட்டித் திருவிழா. பிள்ளைகள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். பெண்கள், "எனுக்கு இன்னா கொணாந்த?" என்று நடுத்தெருவிலேயே மறிப்பார்கள். அன்றைக்கு ஓர் ஈ காக்கை வெளியே வரவில்லை. அவன் நடக்க நடக்க இரண்டு பக்கமும் கதவுகள் சாத்திக்கொண்டன.

காரணம் தெரு முழுக்கத் தெரியும். அவன் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியாது.

"இன்னாக்கா, பேயப் பாத்த மாரி நிக்கற? ஸ்டெல்லா வூட்ல கீதா?" என்றான்.

துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டேன். அவன் சிரித்தபடி என்னைத் தாண்டி, தன் வீடு இருந்த பக்கம் நடந்தான்.

பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தத் தொடரைத் திருத்தும் உதவி ஆசிரியருக்கு என் மேல் ஒரு குறை உண்டு. "அம்மா, நீங்கள் ஒரு மனுஷனைத் தெருவில் நிறுத்திவிட்டு ஊர்க்கதை பேசப் போய்விடுகிறீர்கள்" என்பார். போனால் போகிறது தம்பி, நிற்கட்டும். அன்றைக்கும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

ரோஸ் கலர் வீடு

ராயபுரம் கல்மண்டபத்தைத் தாண்டி வடக்கே, திருவொற்றியூர் போகிற சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் குப்பம். பாதிப் பேர் மீன்பிடி, மீதிப் பேர் ஹார்பர், ரயில்வே. பெரும்பாலும் வேதக்காரக் குடும்பங்கள். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம் அது. நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா எப்போதோ போய்விட்டாள். நான், நைனா, தங்கை ஸ்டெல்லா. அவ்வளவுதான் குடும்பம்.

நைனா சவரிமுத்து ஹார்பரில் மேஸ்திரி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு விசில் இருக்கும். சரக்கு தூக்கும்போது ஊதுவது அது. கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அங்கேயும் அதே விசில்தான்.

அந்தோணி எங்கள் தெருவிலேயே மூக்கு ஒழுகத் திரிந்த பையன். அதனால் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் என்னிடம் அவனுக்குக் கிடைக்காது. ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டதும், கடலோர வரிசையில், எங்கள் வீட்டுக்கு நேர் முன்னால் ஒரு கல் வீடு கட்டினான். சுவர் முழுக்க ரோஸ் கலர். குப்பமே வாயில் கைவைத்துப் பார்த்தது.

"இன்னாடா இது, பஞ்சுமிட்டாய் கலரு?" என்று கேட்டேன்.

"கப்பல்ல இருந்து பாத்தா தெரியணும்க்கா. ஹார்பருக்கு வெளிய கப்பல நிறுத்தி வெச்சுடுவான். நாள் கணக்கா எறங்க முடியாது. அங்க நின்னுகினு என் வூட்ட நான் பாக்கணும்."

சிரித்தேன். ஆனால், என்னை அப்படிக் கடலிலிருந்து தேட யாரும் இல்லை.

கேரம்போர்டு மாதிரி

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்டால் நல்ல வழக்கமாகத்தான் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

வீட்டு வரிசைக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடுகள் இருந்தன. ஆள் உயரம் இருக்கும். மேலெல்லாம் அடப்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்துக் கிடக்கும். நடுநடுவே இராவணன் மீசை என்கிற முள்ளுப்புல். அதன் முள் உருண்டைகள் காற்றில் உருண்டோட, பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். மீன் முள், கிழிந்த வலை, செத்த நாய் எல்லாம் அந்தக் கொடிக்குள்தான் போய்ச் சேரும். பாம்பும் உண்டு.

ஆவணியில் மாதா கோயில் கொடியேற்றம். கடைசி நாள் மாதாவின் தேர் கடற்கரைக்கு வந்து படகுகளை ஆசீர்வதிக்கும். மாதா வருகிற வழி குப்பையாக இருக்கலாமா? அதனால் கொடியேற்றத்துக்கு முன்னால் குப்பத்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி, குவித்துக் கொளுத்தி, பலகையில் கயிறு கட்டி இழுத்து மேட்டைச் சமன்படுத்துவோம். சம்பளத்துக்குச் செய்வதில்லை, நேர்த்திக்கடன். பிள்ளை பிறக்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பிடுங்குவார்கள். கையெல்லாம் முள் குத்தி ரத்தம் வரும். அந்த ரத்தத்தில் ஒரு பெருமை.

நைனா விசிலோடு நடுவில் நிற்பார். "மாதா வர்ற வழிடா! ஒரு முள்ளு கெடக்கக் கூடாது! கேரம்போர்டு மாரி இருக்கணும்!"

அடுத்த வருஷத்துக்குள் காற்று மணலைக் கொண்டுவந்து போடும். மிச்சம் இருந்த வேரிலிருந்து கொடி துளிர்க்கும். மேடு திரும்ப வரும், ஆனால் கொஞ்சம் குட்டையாக வரும். அதை யார் கவனித்தார்கள்?

துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைக் கடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பெரியவர்கள் தண்ணீரைக் காட்டி, "அதோ, அங்கதான் எங்க தெரு இருந்துச்சு" என்பார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டே மீன் குழம்பு பிசைவோம். அது யாருக்கோ நடந்த கதை.

நான் சொல்கிற அந்த வருஷம் அந்தோணி லீவில் இருந்தான். ஸ்டெல்லா மாசமாக இருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தன் வீட்டுக்கு முன்னால் இருந்த மேட்டை அவன் அடிவேர் வரை தோண்டினான். மணலைக்கூட மாட்டுவண்டியில் ஏற்றிச் சாலையோரப் பள்ளத்தில் கொட்டிவிட்டான். நைனா அவனைக் கட்டிப்பிடித்து, "சிங்கம்டா நீ!" என்றார்.

"வாசப்படில குந்துனா கப்பல் தெரியணும். கப்பல்ல நின்னா வாசப்படி தெரியணும்" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னான். "அடுத்த தபா வந்து இங்க புல்லு போடறேன் பாரு. வெளிநாட்ல கடலுக்கும் வூட்டுக்கும் நடுவுல பாய் விரிச்ச மாரி போட்டு வெச்சிருக்கான். ஸோக்கா கீது."

திருவிழா அமர்க்களமாக முடிந்தது. அவன் கப்பல் ஏறினான்.

அம்மி சத்தம் மாறிய மதியம்

கார்த்திகை. புயல் மழை பெய்து ஓய்ந்து, சுள்ளென்று வெயில் அடித்த ஒரு மதியம். ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகவில்லை. பிள்ளை பெற்றவளுக்காக நான் அவள் வீட்டுச் சமையலறையில் பூண்டும் மிளகும் அரைத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அம்மியின் சத்தம் மாறியது.

வருஷக்கணக்காக அரைக்கிற கை எனக்கு. கல்லின் மேல் கல் போகும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதா? கீழேயிருந்து காலிப் பானைக்குள் பேசினாற்போல் ஒரு முழக்கம் வந்தது. குழவியைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு தட்டினேன். டொம் என்றது.

"ஸ்டெல்லா, தரை இன்னாமோ மாரி கீதுடி."

"இன்னாக்கா?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் சிமெண்டுத் தரையில் கீச்சென்று ஒரு விரிசல் ஓடியது. குனிந்து பார்த்தேன். அடி ஆத்தே! தரைக்குக் கீழே மண் இல்லை. தண்ணீர் இருந்தது. அதன் மேல், கடல் பக்கமாக நுழைந்த வெயில் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. கடல் சத்தமே போடாமல் வீட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன், ஒன்றும் நினைவில்லை. ஸ்டெல்லா குழந்தையை அள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து திரும்பியபோதுதான் என் கையைப் பார்த்தேன். குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். அங்கேயே கொண்டுபோய் வைத்திருந்த என் தையல் மிஷின் இருந்தது, ஸ்டெல்லாவின் பட்டுப்புடவை இருந்தது, நான் தூக்கியது குழவியை.

வீடு பெரிய சத்தத்தோடு விழும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி விழவில்லை. முன் தாழ்வாரம் சளக்கென்று உள்ளே போனது. பிறகு அந்த ரோஸ் கலர் சுவர் மெள்ள முட்டி போட்டது. பக்கத்து வீடுகளும் ஒவ்வொன்றாக. மேலே நீல வானம், ஒரு மேகம் இல்லை.

நைனா ஹார்பரிலிருந்து ஓடிவந்தார். வந்தவர் பையிலிருந்து விசிலை எடுத்துக் கடலைப் பார்த்து ஊதினார். சரக்கு இறங்கும்போது நிறுத்தச் சொல்லி ஊதுவாரே, அந்த ஊதல். மூச்சு முட்ட முட்ட ஊதினார். குப்பமே பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலைக்குள் கடலோர வரிசை முழுக்கப் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை, மாதா புண்ணியம். இரண்டாவது வரிசையில் இருந்த எங்கள் வீடு முதல் வரிசையாகிவிட்டது. அதற்குப் பின்னால் கோயில். அடுத்த மழைக்கு எது போகும் என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஸ்டெல்லா பித்துப் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவருக்கு யாரும் எழுதக் கூடாது. நட்ட நடுக் கடல்ல கீற மனுசன். கேட்டா குதிச்சுடுவாரு."

"பைத்தியமாடி உனக்கு? வந்து பாத்தா சாவமாட்டானா?" என்று கத்தினேன்.

"வந்து பாத்தா நான் பக்கத்துல இருப்பேன்ல" என்றாள்.

பாயின் குப்பைமேடு

மறுநாள் காலை கடற்கரையில் இன்னொரு அதிர்ச்சி.

தெருவின் தென்கோடியில் காதர் பாயின் கயிற்றுக் கிடங்கு. படகுக்கும் ஹார்பருக்கும் தேங்காய் நார்க்கயிறு விற்பவர். ஒரு காலத்தில் நைனாவுக்கு உயிர்த் தோஸ்து. திருவிழாச் சுத்தத்தில் ஒரு தடவை, பாய் கிடங்குக்குப் பின்னால் போட்டு வைத்திருந்த நாரையும் சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். உள்ளே நல்ல கயிறும் இருந்ததாம். வாய்ச் சண்டை முற்றி, பாய் அந்த இடத்தைச் சுற்றி வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, எங்கள் ஆட்களை உள்ளே விடுவதில்லை என்று நின்றுவிட்டார். அதோடு விடாமல், கழிவு நார், அறுந்த கயிறு, ஓட்டை வலை, காய்ந்த ஓலை எல்லாவற்றையும் அங்கேயே கொட்ட ஆரம்பித்தார். குப்பத்திலேயே கலீஜான இடம் அதுதான். ஒவ்வொரு திருவிழாவுக்கும் நைனா அதைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போவார்.

கத்தியால் கீறினாற்போல் கரை முழுக்கக் கடல் அரித்திருந்தது. அந்தக் குப்பைமேடு மட்டும் அப்படியே நின்றது. அதற்குப் பின்னால் பாயின் கிடங்கு, ஓடுகூட நகராமல்.

"பாய் மந்திரிச்சு வெச்சுட்டான்" என்று இரண்டொரு முட்டாள்கள் ஆரம்பித்தார்கள். நைனா அவர்களை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நானும் கூடப் போனேன்.

மேட்டின் கடல் பக்கத்தை அலை வெட்டியிருந்தது. உள்ளே இருப்பது அப்படியே தெரிந்தது. ஓர் அடுக்கு மணல், ஓர் அடுக்கு நார், மறுபடி மணல், ஓலை, வலை. அதற்குள் மேலிருந்து கீழ் வரை அடப்பங்கொடியின் வேர் இறங்கியிருந்தது. எது கயிறு, எது வேர் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நைனா ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கினார். தொண்ணூறு கிலோ மனுஷர். ஒரு பிடி மண்கூட உதிரவில்லை.

அவர் முகத்தை நான் பார்த்தேன். செத்துப்போன அம்மாவைப் பெட்டியில் வைத்து மூடியபோது இருந்த முகம் அது.

"பிலோ, இதத்தானடி வருசா வருசம் புடுங்கிப் போட்டோம்" என்றார் என்னிடம்.

நேராகக் கிடங்குக்குப் போனார். காதர் பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஆறேழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஆட்கள்.

"பாய், உன் குப்ப வோணும்."

"இன்னாது?"

"குப்ப. நாரு, கயிறு, ஓட்ட வலை. எல்லாம்."

பாயின் முகம் சிவந்துவிட்டது. "ஏன், இன்னொரு தபா கொளுத்தவா? உன் பொண்ணு வூடு போச்சேன்னு நானே நேத்துலேருந்து சோறு துன்னாம குந்திகினு கீறேன். வம்புக்கு வந்துட்டியா முத்து?"

"கொளுத்தல. நடப் போறேன்."

"நடப் போறியா? குப்பயவா?" பாய் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "யா அல்லா! பொண்ணே, உங்க நைனாவ இட்டுகினு போய் மொதல்ல தண்ணி குடு."

நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மெய்யாலுமே கேக்கறேன் காதரு. உன் மேடு நிக்குது, எங்க மேடு போயிடுச்சு. நீ இன்னா பண்ண? சொல்லு."

"நான் இன்னாத்தப் பண்ணேன்? உன் மேல இருந்த கோவத்துல கொட்னேன். அவ்ளோதான்" என்றார் பாய். சொல்லிவிட்டு அவரும் எழுந்து வந்து அந்த மேட்டைப் பார்த்தார். தான் கொட்டியதைத் தானே முதல் தடவை பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

கோயிலில் நடந்தது

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய ஞாயிறு. பூசை முடிந்ததும் கமிட்டித் தலைவர் அறிவிப்புச் சொல்வது வழக்கம். நைனா எழுந்து முன்னால் போனார்.

"இந்த வருசம் கடக்கர சுத்தம் கெடையாது" என்றார். "கொடிய எவனும் தொடக் கூடாது. தவக்காலத்து ஒறுத்தலா வூட்டுக்கு ஆளுக்கு ஒரு கூட குப்ப கொணாந்து கடக்கரைல கொட்டணும்."

உடனே மீன்கூடைக்காரத் தெரசா எழுந்தாள். "நைனா, தல சரியாத்தான் கீதா? கலீஜு கலீஜுன்னு எங்கள வறுத்து எடுத்த மனுசன் நீ. இப்ப மாதா வர்ற வழில குப்ப கொட்டணுமா? மாதாவுக்குக் குப்பையா காணிக்க?"

பங்குச் சாமியார் தெற்கத்திக்காரர், மென்மையானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சவரிமுத்து, இது கோயில் என்பது நினைவிருக்கட்டும்" என்றார்.

"நெனப்பிருக்கு சாமி. அதான் சொல்றேன். இப்டியே உட்டா அடுத்த மழைக்கு இதுவும் கடலு."

"பைத்தியம் புடிச்சுகிச்சு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்பனைப் பைத்தியம் என்று ஊர் சொல்வதை எந்தப் பொண்ணால் நின்று கேட்க முடியும்?

அப்போது ஸ்டெல்லா எழுந்தாள். வீடு போன நாளிலிருந்து வெளியே தலைகாட்டாதவள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு நடந்து வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் பாயின் கிடங்கிலிருந்து ஒரு கூடை நாரைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயில் வாசலைக் கடந்து கடற்கரைக்குப் போவதை எல்லோரும் பார்த்தோம். முதலில் தெரசாதான் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து பின்னால் போனாள்.

எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியாது. பாயின் மேட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். காய்ந்த தென்னை ஓலையை வரிசையாக மணலில் நட்டோம். முளைக்குச்சி அடிக்க என் குழவிக்கல்தான் சுத்தியல். ஓலைக்குப் பின்னால் நார், வலை, முள். கடல்காற்று கொண்டுவரும் மணல் அதில் மாட்டிக்கொண்டு குவியும். ஓலை மூடிப்போனதும் அதன் மேல் இன்னொரு வரிசை. பாயின் மேட்டிலிருந்து கொடியை முழ நீளத்துக்கு அறுத்து ஈர நாருக்குள் படுக்கவைத்தோம். சிலர் இறால் ஓட்டைக் கொண்டுவந்து கொட்ட, நாற்றம் தெருவைத் தூக்கியது. பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என் குப்ப எவ்ளோ மரியாதையா இருந்துச்சு" என்றார்.

முதல் நட்டது பாதி காய்ந்துபோனது. இரண்டாவது தடவை ஆடு மேய்ந்தது. ஆட்டுக்காரியோடு நான் போட்ட சண்டையை எழுதினால் இந்தப் பத்திரிகையில் அச்சுக் கோர்க்க மாட்டார்கள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஆடியில் முதல் ஊதாப் பூ பூத்தது. ஆவணியில் மாதாவின் தேர் மேட்டைச் சுற்றிக்கொண்டு, பாய் திறந்துவிட்ட முள்வேலி வழியாகக் கடலுக்குப் போனது. முள்ளில் மாட்டாமல் இருக்க மாதாவின் அங்கியை நான் நாலு விரல் தூக்கித் தைத்திருந்தேன்.

டொக்

மறுபடி மழைக்காலம் வந்தது. எங்கள் வீட்டைக் காலி செய்து, சாமான்களைக் கோயிலில் ஏற்றியாகிவிட்டது. நைனா மட்டும் வீட்டை விட்டு வர மறுத்தார். நானும் ஸ்டெல்லாவும் அவரோடு இருந்தோம்.

கடல் அடித்த அடியில் மேட்டின் முன்பாதி கண்ணெதிரே கரைந்து போனது. எங்கள் தவக்காலத்து வேர்வை முழுக்கக் கறுப்பாகத் தண்ணீரில் மிதந்தது. குழவியை எடுத்துச் சமையலறைத் தரையில் தட்டினேன். டொக் என்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினேன். டொக். ஸ்டெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அன்று பகல் முழுக்க எங்கள் வீட்டில் நடந்த ஒரே வேலை அதுதான்.

பொழுது சாயும்போது அலை பின்வாங்கியது. அரைமேடு நின்றுவிட்டது. வெட்டின பக்கத்தில் வேர்கள் தொங்கின, போன வருஷம் பாயின் மேட்டில் பார்த்த அதே மாதிரி. நைனா தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். காதர் பாய் வந்து, "அட முத்து, குப்பைக்குப் போய் அழுவறான் பாரு" என்று சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெருவில் நின்றவன்

அந்தத் தை மாதத்தில்தான் அந்தோணி வந்தான். இவ்வளவு நேரம் நிற்கவைத்துவிட்டேன், பாவம்.

எங்கள் வீட்டைத் தாண்டினதும் அவனுக்கு எதிரே மேடு நின்றது. பச்சைக் கொடி, நடுநடுவே கறுத்த நார், செருகின ஓலை, கிழிந்த வலை. வீட்டைக் காணாமல் அவன் திகைத்தான் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. குப்பைக்குப் பின்னால் தன் வீடு மறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"எவன்டா என் வாசல்ல குப்பயக் கொட்னது? சொம்மா உட்டுட்டு நைனாவும் பாத்துகினு கீறாரா?" என்று கத்தியபடி பெட்டியை வீசிவிட்டு ஓடினான். இரண்டு கையாலும் கொடியைப் பற்றி இழுத்தான். பழக்கப்பட்ட கை, வேர் பார்த்துப் பிடித்தது. ஒரு கொடி பிய்ந்து வந்தது.

"தொடாத!"

அது ஸ்டெல்லாவின் குரல். அப்படி ஒரு சத்தம் அவள் தொண்டையில் இருக்கும் என்று எனக்கே தெரியாது. சாத்தியிருந்த கதவெல்லாம் திறந்துகொண்டன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தவள், அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உடு. கைய எடு. உன் கால்ல விழறேன், கைய எடு."

"இன்னாடி இது? வூடு எங்க?"

அவள் மேட்டுக்கு அந்தப் பக்கம் கடலைக் காட்டினாள்.

அவன் மேட்டின் மேல் ஏறிப் பார்த்தான். அந்தப் பக்கம் அலை. அலைக்குள் பாசி பிடித்த ஒரு சுவர்த் துண்டு. ஒரு மூலையில் மட்டும் ரோஸ் கலர் மிச்சம் இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் மெள்ளத் திரும்பினான்.

"கப்பல்ல இருந்து பாத்தேன் ஸ்டெல்லா. ரெண்டு நாளா பாத்துகினே இருந்தேன். கலரு தெரில. கண்ணு கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கையில் பிய்த்த கொடி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

நைனா வந்து பக்கத்தில் நின்றார். அந்தோணி நிமிர்ந்து பார்த்தான்.

"நைனா, இங்க இருந்த மேட்ட நாமதான..."

"நாமதான்டா" என்றார் நைனா.

குழந்தை அவனை வெறித்துப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதது. பிறந்து ஒரு வருஷம் கழித்து அப்பனை அன்றைக்குத்தான் பார்க்கிறது. அவன் கையை நீட்டினான். அது ஸ்டெல்லாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தெருவே நின்று அழுதது.

வீசின பெட்டி திறந்து கிடந்தது. சோப்பு, பவுடர், பிள்ளைக்கு ஒரு பொம்மை. அடியில் துணி சுற்றிய ஒரு பெரிய கத்தரி. நீளமான கைப்பிடி, பளபளவென்று இருந்தது.

"இது இன்னாடா?" என்றேன்.

"புல்லு வெட்றதுக்கு. வாசல்ல போடலாம்னு" என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஸ்டெல்லா அந்தக் கத்தரியை எடுத்தாள். அவன் மடியில் கிடந்த கொடியை எடுத்து முழ நீளத்துக்கு அறுத்தாள். ஒரு துண்டை அவன் கையில் கொடுத்து, பிய்த்த இடத்தில் குழி பறித்தாள். அவன் அதைப் படுக்கவைத்து மண்ணை மூடினான். நான் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அந்த லீவு முழுக்க அவன் அந்தக் கத்தரியோடுதான் இருந்தான். எங்கள் வீட்டிலேயே ஓர் அறையைத் தடுத்துக்கொடுத்தோம். கடலோரமாக மறுபடி வீடு கட்டுவது பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. மேடு முன்னால் நிற்பதால் எங்கள் வாசலில் உட்கார்ந்தால் கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அவன் தினமும் அந்த வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குழந்தை அழுகையை நிறுத்தி, அவன் மூக்கைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய நேரம், லீவும் முடிந்தது.

கிளம்புகிற காலை. பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றியாயிற்று. ஏறப் போனவன் திரும்பி வந்தான்.

"ஸ்டெல்லா, கப்பல்ல இருந்து பாத்தா இனிமே எனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டான்.

அவள் குழந்தையை இடுப்பில் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"பச்சையா ஒரு கோடு தெரியும். அதுக்குப் பின்னால நாங்க கீறோம்" என்றாள்.